பழைய வேனை டாக்ஸி ஆக்கலாமா? வாசகர் கேள்வி, அண்ணாச்சி பதில்

இந்த மாசம் வந்த கடுதாசி, வாட்ஸ்அப் எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்தா ஒரே விஷயந்தான் திரும்பத் திரும்ப வருது, சின்ன வேனை வாங்கி நமக்குத் தக்கன டாக்ஸியா மாத்துறது. குத்தாலத்துல சாரல் விழுந்தா ஓட்டம் கெடைக்கும்ங்கிற கணக்குல நெறைய தம்பிமாரு கேட்டிருக்காங்க, அதனால மைலேஜ், டயர் கேள்வியெல்லாம் அடுத்த மாசத்துக்கு எடுத்து வச்சுட்டு இதையே பேசிருவோம்.

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு கல்லிடைக்குறிச்சி. ஒரு ஏஜென்சில சரக்கு ஏத்திட்டு இருந்த மாருதி ஈக்கோ கார்கோ வேன் வெலைக்கு வருது, ரேட்டு ரொம்ப கொறவு. அத வாங்கி பின்னாடி ஆறு சீட்டு போட்டு, பக்கத் தகரத்த வெட்டி கண்ணாடி வச்சு, ஏசியும் மாட்டி நவகைலாசம், குத்தாலம்னு சவாரி ஓட்டலாம்னு இருக்கேன். பட்டறைக்காரர் ஒருத்தர் பத்து நாளுல முடிச்சுத் தாரேன்னு சொல்லுதாரு. செய்யலாமா?

பதில்: தம்பி, அட்வான்ஸ் இன்னும் கொடுக்கலன்னா கொடுக்காதீங்க. வண்டி நல்ல வண்டிதான், அதுல சந்தேகம் இல்ல, ஆனா நீங்க நெனைக்கிற வேலைக்கு அது ஆகாது.

மொதல்ல ஆர்சி புக்க வாங்கிப் பாருங்க. அதுல சரக்கு வண்டின்னு இருக்கும், சீட்டு எத்தனங்கிற எடத்துல டிரைவரையும் சேத்து ரெண்டுன்னு இருக்கும். கம்பெனி அந்த வண்டிய டெஸ்டுக்கு அனுப்பி அப்ரூவல் வாங்கினதே சரக்கு வண்டிங்கிற பிரிவுலதான், ஆள் ஏத்துற வண்டிங்கிறது வேற பிரிவு, வெளிய பாக்க ரெண்டும் ஒண்ணு மாதிரி இருந்தாலும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு என்ன சொல்லுதுன்னா, கம்பெனி கொடுத்து ஆர்சில ஏறியிருக்கிற அடிப்படை விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாதுன்னு. 2019 ஜனவரில உச்ச நீதிமன்றமும் இதையே அழுத்திச் சொல்லிட்டு, பெயிண்ட் மாத்துறது, சின்னச் சின்ன சாமான் மாட்டுறது வேற, பாடியையும் அமைப்பையும் மாத்துறது வேறன்னு. அதே வருசம் சட்டத்துல கொண்டுவந்த திருத்தத்துல ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபா அபராதம், இல்லன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா ரெண்டும்னு வச்சிருக்காங்க. நீங்க தகரத்த வெட்டுறது ஒரு மாத்தம், சீட்டு போடுறது இன்னொரு மாத்தம்.

அபராதத்த விடுங்க, கட்டிட்டு வந்துரலாம்னு நெனைப்பீங்க. இன்சூரன்ஸ யோசிச்சுப் பாருங்க. சரக்கு வண்டில சும்மா ஏறி வந்த ஆளுக்கு அடிபட்டா இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லன்னு 2002லயே உச்ச நீதிமன்றம் சொல்லிட்டு. முக்கூடல் ரோட்டுலயோ நாலுவழிச்சாலைலயோ ஒண்ணு ஆயிட்டுன்னா, ஏறி வந்த ஆறு குடும்பத்துக்கும் நீங்கதான் பதில் சொல்லணும், வீட்ட வித்தாலும் அது தீராது, அந்தக் குடும்பங்களுக்கும் ஒண்ணும் கெடைக்காது. எனக்கு இதுல அதுதான் ரொம்ப உறுத்துது. நம்மள நம்பி ஏறுன ஆளு அவிய, ஆர்சில என்ன எழுதியிருக்குன்னு அவியளுக்கு எப்படித் தெரியும்?

சட்டத்த விட முக்கியமான ஒண்ணு இருக்கு, சீட்டு. பட்டறைல சீட்டு போடுறதுன்னா தரைத் தகரத்துல நாலு ஓட்டை போட்டு போல்ட்டும் வாஷரும் வச்சு முறுக்குறதுதான். நின்ன வண்டில ஆட்டிப் பாத்தா கிண்ணுன்னு இருக்கும். ஆனா 50 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி எதுலயோ மோதி அரை மீட்டர் நசுங்கி நிக்குதுன்னு வைங்க, அந்த நேரத்துல உள்ள இருக்கிற ஆளோட எடை ஏறக்குறைய இருபது மடங்கா இழுக்கும். 60 கிலோ ஆளுன்னா 1,200 கிலோ. மெல்லிசான தகரத்துல இருக்கிற போல்ட் அந்தத் தகரத்தையே கிழிச்சுட்டு வந்துரும். கம்பெனில ஆள் ஏத்துற வண்டி செய்யும்போது சீட்டும் பெல்ட்டும் மாட்டுற எடத்துக்குப் பின்னால கனமான இரும்புப் பட்டைய உள்ளயே வெல்டு பண்ணி, பில்லரோட சேத்து, இழுத்துப் பாத்து டெஸ்ட் பண்ணித்தான் விடுதாங்க. கார்கோ வண்டில பின்பக்கம் ஆளே உக்காரப் போறதில்லங்கும்போது அதெல்லாம் எதுக்கு வைப்பாங்க. பத்து நாளுல எந்தப் பட்டறையும் அத உண்டாக்க முடியாது தம்பி.

சரி, டாக்ஸி ஆசைய விட்டுறணுமான்னா வேண்டாம். ஆள் ஏத்துறதுக்குன்னே வந்த ஈக்கோ, இல்ல டாடா மேஜிக், இந்த மாதிரி வண்டியா பழசுல தேடுங்க. கார்கோவ விட வெல கூடத்தான் இருக்கும், ஆனா சீட்டு, கண்ணாடி, தகரம் வெட்டுறதுன்னு பட்டறைக்குக் கொடுக்க இருந்த காச இதோட சேத்துக் கூட்டிப் பாருங்க, வித்தியாசம் அவ்வளவு பெருசா தெரியாது. ஏற்கெனவே டி போர்டா, அதாவது வாடகை வண்டியா ஓடுன வண்டி கெடைச்சா வேலை லேசு. ஓன் போர்டா, அதாவது சொந்த உபயோக வண்டியா இருந்தா டி போர்டா மாத்தணும், அதுக்குப் பழைய லோன் பாக்கி இல்லன்னு ஃபைனான்ஸ் கம்பெனில படிவம் 35 வாங்கி ஆர்சில இருந்து லோன நீக்கிட்டு, இல்ல லோன் ஓடிட்டு இருந்தா அவிய சம்மதத்த எழுத்துல வாங்கிட்டு, ஆர்டிஓ ஆபீஸ்ல மாத்துறதுக்கு எழுதிக் கொடுத்து, டாக்ஸிக்கான வரி கட்டி, வண்டிய எஃப்சிக்கு, அதாவது ஓடத் தகுதியான வண்டின்னு தர்ற சான்றுக்குக் காட்டணும். எஃப்சி எட்டு வருசத்துக்குள்ள உள்ள வண்டின்னா ரெண்டு வருசத்துக்கு ஒருக்க, எட்டு தாண்டுனா வருசா வருசம். பெறகு பெர்மிட். பெறகுதான் மஞ்சள் பிளேட்டுல கருப்பு எழுத்து. ஜிபிஎஸ் கருவியும் அவசர பட்டனும் டாக்ஸிக்கு வேணும், எஃப்சிக்குப் போறதுக்கு முன்னாடியே மாட்டிருங்க. இன்சூரன்ஸையும் வாடகைக்கு ஆள் ஏத்துற பாலிசியா மாத்தினதுக்கு அப்புறந்தான் மொத சவாரி. மாத்தாம ஓன் போர்டுலயே தெரிஞ்ச ஆள், சொந்தக்காரன்னு சொல்லி காசு வாங்கி ஓட்டினா பெர்மிட் இல்லாத குத்தத்துக்கு சட்டத்துல 10,000 ரூபா அபராதம் இருக்கு.

சீட்டுக் கணக்கையும் சொல்லிருதேன். டிரைவர் போக ஆறு பேரு வரைக்கும் ஏத்துற வண்டி மோட்டார் கேப், ஆறுக்கு மேல பன்னெண்டு வரைக்கும் மேக்ஸிகேப். ஆர்சில டிரைவரோட அஞ்சுன்னு இருந்தா நாலு பேரத்தான் ஏத்தலாம், கூடுதலா ஒரு ஆளுக்கு 200 ரூபா அபராதம். கல்யாண வீட்டுக்காரங்க "ரெண்டு பிள்ளைகதானே, மடில வச்சுக்கிடுதோம்"னு சொல்லுவாவ, கேக்காதீங்க.

இனிமேதான் உங்க ஆசைக்கு எடம் இருக்கு. நவகைலாசம்னு சொன்னீங்கள்லா, பாபநாசத்துல தொடங்கி சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ராஜபதி, கடைசில சேர்ந்தபூமங்கலம். ஒம்பது கோயில். மார்கழில ஒரே நாள்ல பாக்க வாரது யாரு, முக்காவாசி அறுபது வயசு தாண்டுன ஆச்சி, தாத்தாமாரு. ஒம்பது கோயில்னா ஒம்பது தடவ எறங்கி ஒம்பது தடவ ஏறணும். புரட்டாசி சனிக்கிழமை நவதிருப்பதிக்கும் இதே கததான். வேனோட தரை காரை விட உசரம், முட்டி வலி உள்ள ஆச்சிக்கு நாலாவது கோயில்லயே "நான் வண்டிலயே இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க"ன்னு ஆயிரும். அதனால காச மொதல்ல கதவுகிட்ட போடுங்க. கதவு தொறந்ததும் எறக்கி விடுற மாதிரி மடக்குப் படி ஒண்ணு, ரப்பர் மேட் ஒட்டி, மழைல வழுக்காத மாதிரி. படி தகரத்துல தொங்கக் கூடாது, சேசிஸ்ல ஏற்கெனவே இருக்கிற போல்ட் ஓட்டைல மாட்டணும், ஓடும்போது வெளிய நீட்டிக்கிட்டு நிக்கவும் கூடாது. கைப்பிடி ஒண்ணு கதவுப் பக்கத்துல மஞ்சள் கலர்ல, இன்னொண்ணு முன் சீட்டு முதுகுல. படிக்கு மேல ஒரு சின்ன லைட்டு, ராத்திரி கால் வைக்கிற எடம் தெரியணும்ல.

அடுத்தது சூடு. ஈக்கோவுக்கு இஞ்சின் முன் சீட்டுக்கு அடியிலதான், சித்திரை மாசம் நாங்குநேரி, வள்ளியூர் பக்கம் மத்தியானம் ஓட்டிப் பாத்தா தெரியும், முன்னாடி ஏசி போட்டாலும் பின்னாடி ஆளுக்குக் காத்து வராது. கம்பெனி ஏசி உள்ள வண்டியா வாங்கிட்டு, பின் சீட்டுக்கு கூரையோரமா ரெண்டு ஃபேன் வச்சாலே பெரிய மாத்தம் தெரியும். சீட்டு எடத்த விட்டு நகத்தாம, பெல்ட்ட மறைக்காம, குஷன் கடைல நல்ல ஃபோம் போட்டு தைச்சுக்கிடலாம், அருவில குளிச்சுட்டு ஈரத்தோட ஏறுதாங்கன்னு ரெக்சின் போடுங்க, துணி வேண்டாம். புது மாடல்ல சீட்டுப் பக்கத்துலயே ஏர்பேக் இருந்தா அந்தப் பக்கம் கவர் தைச்சு மூடிரக் கூடாது. போன் சார்ஜ் போட எடம், தண்ணி கேன் உருளாம வைக்க ஒரு தட்டு, செருப்பு போட ஒரு பெட்டி, இதெல்லாம் உங்க இஷ்டம், யாரும் கேக்க மாட்டாங்க. மேல கேரியர் வச்சு மூட்டை அடுக்குற பழக்கம் மட்டும் வேண்டாம். ஈக்கோ ஒன்றரை மீட்டர் அகலங்கூட இல்லாத வண்டி, உசரம் அதைவிடக் கூட, தலைல கனம் ஏறுனா வளைவுல சாயும்.

கேள்வி: மேலப்பாளையத்துல இருந்து எழுதுதேன். எங்க வாப்பாவுக்கு டயாலிசிஸ், வாரத்துக்கு மூணு நாள் ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். ஒரு கால் எடுத்துட்டாங்க, வீல்சேர்லதான் இருக்காங்க. ஆட்டோல ஏத்தி எறக்குறதுக்குள்ள அவங்களும் அழுவாங்க, நாங்களும் அழுவோம். தம்பி ஒரு அஞ்சு சீட்டு ஈக்கோ வச்சிருக்கான். அத வீல்சேரோட ஏத்துற வண்டியா மாத்தி, எங்களுக்குப் போக மத்த நேரம் இதே மாதிரி நோயாளிகளுக்கு டாக்ஸியா விடலாமான்னு கேக்கான். முடியுமா அண்ணாச்சி?

பதில்: தங்கச்சி, இந்த மாசம் வந்ததுல எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இதுதான். நம்ம ஊருல இப்படி ஒரு வண்டி அவசியம் வேணும். ஹைகிரவுண்டு வாசல்ல ஒரு மணி நேரம் நின்னு பாத்தா யாருக்கும் இது வெளங்கும்.

வண்டில கை வைக்கிறதுக்கு முன்ன ஒண்ணு பாருங்க. வாப்பா ஒரு ஆள் தாங்கிப் பிடிச்சா வீல்சேர்ல இருந்து சீட்டுக்கு நகந்து உக்காருவாங்களா? உக்காருவாங்கன்னா அதுதான் நல்லது, வண்டியோட சீட்டும் பெல்ட்டும் எந்த வீல்சேரையும் விட பத்திரம். வீல்சேர மடக்கி பின்னாடி போட்டுக்கிடலாம். அதுக்கு முன் சீட்டு சரிவராது, இஞ்சினுக்கு மேல இருக்கிறதால உசரம், கால் வைக்கிற எடத்துல வீல் வளைவு வேற இடிக்கும். நடு சீட்டுதான், ஸ்லைடிங் கதவு முழுசா தொறக்கும். வழவழன்னு ஒரு பலகை, முக்கால் மீட்டர் நீளத்துக்கு, வீல்சேருக்கும் சீட்டுக்கும் நடுவுல வச்சு தூக்காம நகத்தி உக்கார வைக்கலாம். ரெண்டும் ஒரே உசரத்துல இருந்தாத்தான் நகத்த முடியும், வேன் சீட்டு உசரம்ங்கிறதால வீட்டு வாசல்ல கெட்டியா ஒரு சிமெண்ட் மேடை, அதுக்கு ஏற ஒரு சரிவு, இவ்வளவு போட்டீங்கன்னா பாதி வேதனை கொறஞ்சிரும்.

டயாலிசிஸ்னு சொன்னதால இன்னொண்ணு. ஃபிஸ்டுலா போட்ட கைய, அதாவது டயாலிசிஸ் ஊசி போட ரத்தக்குழாய இணைச்சு வச்ச கைய, யாரும் பிடிச்சு இழுக்கக் கூடாது, அந்தக் கை மேல எதுவும் அழுத்தவும் கூடாது. அது எந்தக் கைன்னு பாத்து, மத்தக் கைப் பக்கமா ஏத்துற மாதிரி கதவையும் கைப்பிடியையும் முடிவு பண்ணுங்க, தோள் பெல்ட்டும் அந்தக் கைய அமுக்காத சீட்டா பாருங்க. முடிச்சுட்டு வரும்போது பிரஷர் எறங்கித் தலை சுத்தும், அதனால சாய்ஞ்சு படுக்கிற மாதிரி முதுகு இருந்தா நல்லது, கூட ஒரு ஆள் பக்கத்துலயே உக்கார எடமும் வேணும்.

நகரவே முடியாது, வீல்சேரோடதான் ஏத்தணும்னா பின்கதவு வழியாத்தான். இங்கதான் ஈக்கோ கஷ்டம் கொடுக்கும். சறுக்குப் பலகைக் கணக்கப் பாருங்க: தரை 60 சென்டிமீட்டர் உசரம்னு வச்சுக்கிட்டா, ஆறுக்கு ஒண்ணு சரிவுக்கே 3.6 மீட்டர் நீளம் வேணும். நம்ம தெருவுல வண்டிக்குப் பின்னால அவ்வளவு எடம் எங்க இருக்கு? பலகையக் கொறச்சா சரிவு செங்குத்தாகும், ஒரு ஆளால தள்ள முடியாது, எறக்கும்போது அதவிட ஆபத்து. வெளிநாட்டுல ரெனோ காங்கூ, ஃபோக்ஸ்வாகன் கேடி மாதிரி சின்ன வேனை வீல்சேர் டாக்ஸியா மாத்துதாங்கன்னா அதுக்கு ஒரு காரணம் உண்டு. அதெல்லாம் முன்சக்கரம் இழுக்கிற வண்டி, பின்னாடி தரைக்கு அடில சுத்துற ஷாஃப்ட் கெடையாது, அதனால பின்தரைய அறுத்து தாழ்த்திருதாங்க, குட்டைப் பலகையே போதும். ஈக்கோ பின்சக்கரம் தள்ளுற வண்டி, நடுவுல ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், பின்னாடி கனமான ஆக்சில், அந்தத் தரைய அறுக்கவே கூடாது, எந்தப் பட்டறை சொன்னாலும் சரி. கூரையும் பாக்கணும், வாப்பாவ வீல்சேர்ல நிமிர உக்கார வச்சு தரைல இருந்து உச்சந்தலை வரைக்கும் டேப் பிடிங்க, பின்கதவு தொறப்பு அதைவிடக் கொறஞ்சா குனிஞ்சுதான் போகணும். அப்படின்னா டாடா விங்கர், ஃபோர்ஸ் டிராவலர் மாதிரி கூரை உசந்த வண்டியும், பின்னாடி ஹைட்ராலிக் லிஃப்டும்தான் வழி. செலவு கூட, ஆனா பல நோயாளிகளுக்கு டாக்ஸியா விடணும்ங்கிற தம்பியோட எண்ணத்துக்கு அதுதான் நெலச்சு நிக்கும்.

எந்த வண்டியா இருந்தாலும் வீல்சேர் பிரேக்க மட்டும் நம்பி ஓட்டிராதீங்க. முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டுன்னு நாலு பட்டை, வீல்சேரோட இரும்புச் சட்டத்துல மாட்டணும், சக்கரத்துல இல்ல. வீல்சேர் முன்பக்கம் பாத்துத்தான் நிக்கணும், பக்கவாட்டுல நிறுத்துனா பிரேக் பிடிக்கும்போது கவுந்துரும். ஆளுக்குத் தனியா இடுப்புக்கும் தோளுக்கும் பெல்ட், அது வண்டியோட கட்டப்பட்டதா இருக்கணும், வீல்சேரோட வர்ற சின்னப் பட்டை ஆள நேரா உக்கார வைக்கத்தான் ஆகும். பட்டை வாங்கும்போது ஐஎஸ்ஓ 10542 போட்டிருக்கான்னு பாருங்க, வீல்சேருக்கு ஐஎஸ்ஓ 7176-19. சாதாரண லாரிக் கயிறு, பைக் கட்டுற பட்டையெல்லாம் வேண்டாம்.

சட்டம் உங்க பக்கம் கொஞ்சம் எறங்கி வருது. 2019 திருத்தத்துக்குப் பெறகு, மாத்துத்திறனாளிக்காகச் சொந்த வண்டிய மாத்தியமைச்சுட்டு ஆர்டிஓ ஆபீஸ்ல ஒப்புதல் வாங்கிக்கிடலாம்னு 52ஆவது பிரிவுலயே இருக்கு. ஆனா அந்த வண்டி அவருக்காக மட்டுமே ஓடணும்னு சட்டம் சொல்லுது. ஆக வாப்பாவுக்குன்னா தம்பி வண்டிலயே செய்யலாம், சட்டம் பின்னால ஒப்புதல் வாங்கினாப் போதும்னு சொன்னாலும், நீங்க வரைபடத்தோட முன்கூட்டியே ஆய்வாளரப் பாத்துப் பேசிட்டு வேலைய ஆரம்பிங்க. பத்து நோயாளிக்கு வாடகைக்கு விடணும்னா அந்தச் சலுகை பொருந்தாது, அதுக்கு அப்ரூவலோட வர்ற வண்டியா வாங்கி டி போர்டு எடுக்கணும். 2016 மாத்துத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 41ஆவது பிரிவு எல்லா வகைப் போக்குவரத்தும் அவங்களுக்கு எட்டணும்னு அரசாங்கத்து மேல பொறுப்பு வச்சிருக்கு, லோனுக்கோ உதவிக்கோ கலெக்டர் ஆபீஸ்ல மாத்துத்திறனாளிகள் நல அலுவலகத்துல எழுதிக் கொடுக்கும்போது இந்தப் பிரிவச் சொல்லி எழுதுங்க. தம்பிக்கு என் பாராட்டச் சொல்லுங்க, அவன் எண்ணத்த விட வேண்டாம்.

கேள்வி: வள்ளியூர்ல டாக்ஸி ஓட்டுதேன். வண்டிக்கு கருப்பு ஃபிலிம், முன்னாடி பெரிய பம்பர் கம்பி, நீல லைட்டு போட்டா டூரிஸ்ட் ஆளுக விரும்புவாங்களா?

பதில்: விரும்புனாலும் போடாதீங்க. கருப்பு ஃபிலிமுக்கு 2012லயே உச்ச நீதிமன்றம் தடை போட்டுட்டு, முன் பின் கண்ணாடில 70 சதவீதம், பக்கத்துல 50 சதவீதம் வெளிச்சம் உள்ள வரணும்ங்கிறது விதி. அந்தக் கம்பிக்கு 2017 டிசம்பர்ல மத்திய அரசே தடை சொல்லிட்டு, மோதும்போது நசுங்க வேண்டிய எடம் நசுங்காம அடிய நேரா சேசிஸுக்குக் கடத்திரும், ஏர்பேக் சென்சாரும் கொழம்பும், நடந்து போற ஆளு மேல பட்டா பிழைக்க மாட்டான். வெயிலுக்குத் துணித் திரையும் வேண்டாம், கண்ணாடிய மறைக்கக் கூடாது. அந்தக் காசுக்கு நல்ல டயர் போடுங்க.

கேள்வி: என்கிட்ட சாதாரண கார் லைசென்ஸ்தான் இருக்கு. டாக்ஸி வேன் ஓட்ட தனி லைசென்ஸ் வேணுமா? (அம்பாசமுத்திரம் வாசகர்)

பதில்: மொத்த எடை 7,500 கிலோவுக்குள்ள உள்ள வண்டிக்கு எல்எம்வி, அதாவது சாதாரண கார் லைசென்ஸே போதும்னு 2017ல உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு, 2024 நவம்பர்ல அஞ்சு நீதிபதி அமர்வும் அதையே உறுதி பண்ணிட்டு. ஈக்கோ, மேஜிக், விங்கர் எல்லாம் அதுக்குள்ளதான்.

கேள்வி: சிஎன்ஜி போட்டா டாக்ஸிக்கு லாபமா? (தச்சநல்லூர்)

பதில்: ஓட்டம் கூட இருந்தா லாபம். கம்பெனிலயே சிஎன்ஜியோட வந்த வண்டியா இருக்கட்டும், வெளிய மாட்டுனா அங்கீகாரம் பெற்ற கிட், அங்கீகாரம் பெற்ற எடம், உடனே ஆர்சில ஏத்தணும். சிலிண்டர மூணு வருசத்துக்கு ஒருக்க டெஸ்ட் பண்ணணும். பின்னாடி பெட்டி வைக்கிற எடம் போயிரும், அதனால திருச்செந்தூருக்கு மூட்டை முடிச்சோட வர்ற குடும்பத்துக்கு யோசிச்சுக்கிடுங்க. வீல்சேர் ஏத்தணும்னு நெனைக்கிற வண்டிக்கு வேண்டவே வேண்டாம்.

கேள்வி: படி, கைப்பிடி, லைட்டு, ஃபேன் எல்லாம் பட்டறைல கொடுக்கும்போது என்ன பேசிக்கணும் அண்ணாச்சி? (களக்காடு)

பதில்: வயரிங்தான் மொதல்ல பேசணும். லைட்டுக்கும் ஃபேனுக்கும் கம்பெனி வயர வெட்டி அதுலயே முறுக்கி டேப் சுத்தி விட்டுருவாங்க, வேன் தீப்பிடிக்கிறதுல இது பெரிய காரணம். பேட்டரில இருந்து தனி வயர், பேட்டரிக்குப் பக்கத்துலயே ஃபியூஸ், ரிலே, வயர் தகரத்துக்குள்ள நுழையுற ஒவ்வொரு ஓட்டைலயும் ரப்பர் வளையம், இத எழுதியே கொடுங்க. தரை மேட்டையும் கூரைத் துணியையும் மூடுறதுக்கு முன்ன போய் நின்னு பாத்து, போன்ல போட்டோ எடுத்துக்கிடுங்க, பின்னால ஒரு ஃபால்ட் வந்தா எந்த வயர் எங்க போகுதுன்னு அந்தப் போட்டோதான் சொல்லும். டிங்கர் வேலைல ஓட்டை போட்ட எடத்துல துருவுக்கு பிரைமர் அடிக்கச் சொல்லுங்க, உவரி, கூடங்குளம்னு கடற்கரைப் பக்கம் ஓடுற வண்டின்னா கட்டாயம். கழட்டுன பழைய சாமான் ஒவ்வொண்ணையும், ஒரு போல்ட் விடாம, சாக்குல கட்டி வீட்டுக்குக் கொண்டு வந்துருங்க, எஃப்சில ஆய்வாளர் எதையாவது பழையபடி மாட்டுன்னு சொன்னா கையில இருக்கணும். காசு பாதி முன்னால, பாதி வேலை முடிஞ்சு ராத்திரி எல்லா லைட்டையும் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் பாத்துட்டு வந்த பெறகு.